இடம் நின்றவர்

கல்லறை வாசலில் கல்யாணப் பாட்டு ஊதினவர் யார் என்று தூத்துக்குடி பேண்டு வாத்தியக்காரர்களில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் ரோச் என்று பெயரைச் சொல்வார்கள். ஒரு விசைப்படகு முதலாளியின் அடக்கம் அது. பேண்டு முன்னே போக, பெட்டி பின்னே வர, சனம் மெல்ல நடந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்திருந்தது. துக்கப் பாட்டை எடுக்க வேண்டிய இடம். முதல் டிரம்பெட்டான ரோச் கண்ணை மூடிக்கொண்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குள் நுழையும்போது ஊதுகிற பாட்டை முழு மூச்சில் எடுத்துவிட்டார். முதல் டிரம்பெட் எதை எடுக்கிறதோ அதன் பின்னால் போவது பேண்டுக்காரர்களின் பழக்கம். மற்றவர்களும் போனார்கள். டிரம்காரர் உற்சாகமாக ஒரு உருட்டு வேறு உருட்டினார். செத்தவரின் பெண்சாதி அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாளாம். அதற்கப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை. ரோச்சின் புருவத்துத் தழும்பைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

குற்றம் கவனிப்பினுடையது. "பிள்ளைகளக் கவனிச்சாச்சா?" என்று கல்யாண வீட்டுக்காரர் கேட்பார். "கவனிச்சாச்சு" என்பார் பேண்டு மாஸ்டர். பந்தலுக்குப் பின்னால் பாட்டில் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கல்யாணமோ கோயில் கொடையோ சாவோ, கவனிக்காத வீட்டை வாத்தியக்காரர்கள் கஞ்சப்பயல் வீடு என்பார்கள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிற வாத்தியக்காரனை வீட்டுக்காரர்கள் மரியாதை தெரியாதவன் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நல்ல நல்ல கைகளும் வாய்களும் வீணாய்ப் போயின. ரோச்சும் அந்தக் கணக்கில் சேர வேண்டியவர்தான்.

கரையேற்றியது மந்திரமூர்த்தி. கோயில் தவில்காரர், தானும் ஒரு காலத்தில் குடித்துக் குடும்பத்தைத் தெருவில் விட்டவர். கல்லறைக் கூத்துக்குப் பிறகு எந்த பேண்டும் சேர்க்காமல், துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ரோச்சைத் தேடிக்கொண்டு அவர் வந்தார். "ஏலே, எங்க கூட்டத்துக்கு ஒரு தடவ வா. பிடிக்கலன்னா டீயக் குடிச்சிட்டுப் போயிரு" என்றார்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை மத்தியானம். செவ்வாயில் முகூர்த்தம் கிடையாது, ஆகவே வாத்தியக்காரர்களுக்கு வேலையும் கிடையாது. இடம், இல்யாஸ் பாயின் மைக்செட் கடை மாடி. காயல்பட்டினத்துக்காரரான இல்யாஸ் பாய் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவரில்லை. அதனால் கூட்டத்துக்கு மாடியைக் கொடுத்தாரே தவிர, கூட்டத்தில் அவருக்கு உட்கார அனுமதியில்லை. வாத்தியத்தைத் தொட்டவனாக இருக்க வேண்டும், குடியை விட்டவனாகவோ விட நினைக்கிறவனாகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நாதஸ்வரம், வில்லுப்பாட்டுக் குடம், கீபோர்டு என்று பலரும் ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் உட்கார்ந்து பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. கச்சேரிக்குப் புறப்படும் முன் துணைக்கு ஒரு போன், முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு போன். நடுவில் கை நடுங்கினால் பந்தலை விட்டு வெளியே வந்து இன்னொரு போன். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது, தன்னைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

ரோச் அங்கே போய் ஒன்பது வருஷம் குடிக்காமல் இருந்தார். கூட்டத்தில் அவருக்குப் பெரிய மரியாதை. காரணம், பாட்டிலோடு டிரம்பெட்டையும் விட்டவர் அவர் ஒருத்தர்தான். "ரெண்டையும் ஒரே நாள்ல தூக்கி எறிஞ்ச ஆளுய்யா இவன்" என்று மந்திரமூர்த்தி புதிதாக வருகிறவர்களிடம் காட்டுவார். ரோச் தலையைக் குனிந்து டீயைக் குடிப்பார். எறியவெல்லாம் இல்லை. டிரம்பெட் கட்டிலுக்கு அடியில் பழைய சேலையில் சுற்றிக் கிடந்தது. ஏதாவது பேண்டு ஐஸ் கம்பெனி வழியாகப் போனால், ரோச் எழுந்துபோய் ஐஸ் உடைக்கும் மிஷினை ஓடவிட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் எந்தப் பாட்டும் காதில் விழாது. குடியின் மேல் வருகிற ஆசையைப் பற்றிக் கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசினார்கள். ஊதுகிற ஆசையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஃபிராங்க்ளின் வந்தான். மாஸ்டர் பாண்டியராஜன் பேண்டில் ரோச் விட்டுப்போன முதல் டிரம்பெட் இடத்துக்கு வந்தவன் அவன்தான். நல்ல வாய். முப்பத்தைந்து வயதுக்குள் கவனிப்பு அவனையும் தின்றிருந்தது. தவக்காலம் தொடங்கிய வாரம் அவனுடைய பெண்சாதி ஜெஸ்லினே மைக்செட் கடை வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனாள். மந்திரமூர்த்தி அவனுக்கு ரோச்சைத் துணையாகப் போட்டார். ஒரே வாத்தியம், ஒரே இடத்தில் நின்றவர்கள், இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

தவக்காலம் முழுக்க அவன் தாக்குப்பிடித்தான். அந்த நாட்களில் கல்யாணம் இல்லை, பேண்டுக்கு வேலை குறைவு. ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு படிக்கட்டில் ரோச்சின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஈஸ்டர் முடிஞ்சா வரிசையாக் கல்யாணம் அண்ணாச்சி. எனக்குப் பயமா இருக்கு. மூணு மாசம் எனக்கு இடம் நிக்கிறீங்களா?"

இடம் நிற்பது வாத்தியக்காரர்களுக்குள் உள்ள வழக்கம். ஒருவனால் வர முடியாவிட்டால் இன்னொருவன் அவனுடைய பேண்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவனுடைய இடத்தில் நிற்பான். எத்தனை நாள் நின்றாலும் இடம் உடையவனுக்குத்தான். அவன் வந்த அன்றைக்குக் கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட வேண்டும், அதில் பேச்சே கிடையாது.

"நானாலே? நான் ஊதி எத்தன வருசமாச்சு!"

"உங்களத் தவிர யாரு நின்னாலும் இடம் திரும்பி வராது. உங்கள நம்பலாம்."

நிற்கட்டுமா என்று மந்திரமூர்த்தியிடம் கேட்டார் ரோச். "உனக்கு முடியுமாடே? பந்தல்ல பாட்டிலு நிக்குமே" என்று அவர் கவலைப்பட்டார். "அவனுக்காகச் செய்யுதேன்" என்றார் ரோச். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதியை அவர் தமக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் முதல் உப்பளத்துப் பக்கம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் ஊதிப் பழகினார். முதல் வாரம் காற்றுதான் வந்தது. உதடு வீங்கிச் சோறு தின்ன முடியவில்லை. பெண்சாதி ஆக்னஸ் மீன்குழம்பில் புளியைக் குறைத்துப் போட்டுக்கொண்டே, "இத்தன வருசம் கட்டிலுக்கு அடியில கெடந்தவளுக்கு இப்ப என்ன சீராட்டு?" என்று கேலி பண்ணினாள். மாஸ்டரிடம் ஃபிராங்க்ளினே போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினான். பேண்டில் ஏறின முதல் கல்யாணத்தில் ரோச் நாலு இடத்தில் சுரம் தவறினார். மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். மூன்றாவது கல்யாணத்தில் சுளிக்கவில்லை. அதற்கடுத்த கல்யாணத்தில், பெண் காரிலிருந்து இறங்கும் நேரம், ரோச் எடுத்த எடுப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. பேண்டு மொத்தமும் அவர் பின்னால் வந்தது. நெஞ்சுக்குள் ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது திறந்துகொண்டது. கவனிப்பு வந்தபோது அவர் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும் ஆக்னஸ் பயந்துவிட்டாள். அந்த மாதிரி மினுங்குகிற முகத்தை அவள் பழைய நாட்களில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"ஏது, வாய ஊதுங்க பாப்போம்."

ஊதினார். டீ வாடைதான் அடித்தது.

"குடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிரும். இது என்னன்னு எனக்குத் தெரியலய்யா" என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஃபிராங்க்ளினுக்கு வழக்கப்படி போன் போட வேண்டும். இப்போது இடம் நிற்கிறவர் ரோச் என்பதால், விசாரிக்கிற முறை அவனுடையது.

"கவனிப்பு வந்துச்சா அண்ணாச்சி?"

"வந்துச்சு. நான் டீ குடிச்சேன்."

"வாசிப்பு எப்படிப் போச்சு?"

"ஏதோ... சுமாராப் போச்சு மக்கா. நீ ஊதுற மாதிரி வருமா?"

பையன் மனசு நோகக் கூடாது என்றுதான் முதல் தடவை அந்தப் பொய்யைச் சொன்னார். பிறகு ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னார். நோகக் கூடாது என்பது போய், தெரியக் கூடாது என்று ஆனது எந்த நாளில் என்று அவருக்கே தெரியாது.

கோட்டு ஃபிராங்க்ளினுடைய உடம்புக்குத் தைத்தது. ரோச்சுக்குத் தொந்தியின் மேல் பொத்தான் சேரவில்லை. திறந்துபோட்டுக்கொண்டே ஊதினார். "கோட்டப் பிரிச்சுத் தச்சிருவோமா ஓய்?" என்று மாஸ்டர் கேட்டபோது, "எதுக்கு? கொஞ்ச நாள்தானே" என்று மறுத்தார். வைகாசியில் ஒரு நாள் யாரும் சொல்லாமலே அவரே கோட்டை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையூரணி டெய்லரிடம் போனார். இரண்டு பக்கமும் பிரித்துத் துணி வைத்துத் தைத்து வாங்கினார். இடம் நிற்கிறவன் கோட்டைப் பிரிக்கக் கூடாது. அது எழுதாத சட்டம். கண்ணாடி முன்னால் பொத்தானைப் போட்டுப் பார்த்தபோது, கச்சிதமாக இருந்தது. ஆக்னஸ் அதைப் பார்த்தாள்.

மூன்று மாதம் முடிந்தது. செவ்வாய்க் கூட்டத்தில் ஃபிராங்க்ளின் எழுந்து நின்றான். முகம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்திருந்தான்.

"நான் தயாருன்னு நெனைக்கேன். வாற வாரத்துலேர்ந்து போலாமான்னு அண்ணாச்சி சொல்லட்டும்."

எல்லாரும் ரோச்சைப் பார்த்தார்கள். துணையின் வாக்குக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. 'வா மக்கா, கோட்டு இருக்கு' என்று சொன்னால் முடிந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அவசரப்படாத. ஆகஸ்ட்டுல திருவிழா வருது. சப்பரத்துக்குப் பெறகு தெருவுக்குத் தெரு ஆளுக கவனிப்பத் தூக்கிட்டு வருவாங்க. அது முடியட்டும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

குரல் அத்தனை அன்பாக இருந்தது. மந்திரமூர்த்தி தலையாட்டினார். "பெரியவன் பட்டுச் சொல்லுதான், கேட்டுக்க" என்றார். ஃபிராங்க்ளின் சரி என்று உட்கார்ந்துவிட்டான். அவன் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதுதான் ரோச்சைப் பின்னாளில் தூங்கவிடாமல் அடித்தது. கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தால்கூடக் கொடுத்திருப்பேனே என்று நினைத்துக்கொள்வார். கொடுத்திருப்பாரா? யார் கண்டார்கள்.

திருவிழாச் சப்பரத்துக்கு பாண்டியராஜன் பேண்டுதான் முன்னே போனது, முதல் டிரம்பெட் ரோச். அந்த மாதிரி அவர் வாலிபத்தில்கூட ஊதியதில்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். திருவிழா முடிந்த வாரம் ஃபிராங்க்ளின் கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மாஸ்டர் பாண்டியராஜன்தான் ஐஸ் கம்பெனிக்கு வந்து சங்கதியைச் சொன்னார்.

"ஃபிராங்க்ளின் பய கண்டெய்னர் யார்டுல வேலைக்குச் சேந்துட்டானாம். இனிமே ஊதலையாம். இடத்த நீரே வச்சிக்கிடும்."

"என்ன சொன்னான்? ஏன் வரலையாம்?"

"ஒண்ணும் சொல்லல. அண்ணாச்சியே ஊதட்டும்னான்."

ரோச் போன் போட்டார். "ஷிப்டு அண்ணாச்சி, நேரமே இல்ல" என்றான் ஃபிராங்க்ளின். குடிக்கலையே என்று கேட்டார். இல்லை என்றான். செவ்வாய்க்கிழமையாவது வந்து போ என்றார். "அது வாத்தியக்காரங்க கூட்டம்லா. யார்டுல பெட்டி எண்ணுறவன் அங்கன வந்து என்ன பேச?" என்று சிரித்தான். ஐஸ் உடைத்துக்கொண்டே நான் வரவில்லையா என்று ரோச் கேட்டும் அவன் பிடி கொடுக்கவில்லை. கூட்டம் இல்லாமல், போன் இல்லாமல், துணை இல்லாமல் எத்தனை பேர் பழையபடி விழுந்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா? பேண்டில் இருந்த இடமும் போய், மாடியில் இருந்த இடமும் போய், பையன் தனியாக நிற்கிறான். இரண்டிலிருந்தும் அவனைத் தள்ளியது தன் நாக்குத்தான் என்று அவர் முடிவுகட்டினார்.

அதற்கப்புறம் ஊதுவது இனிக்கவில்லை. வாய் தானாக வாசித்தது, மனசு கூட வரவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஆக்னஸிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டதையும் சொன்னார்.

"சாமியாருகிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அவரா உங்களுக்கு இடம் குடுத்தாரு? அந்தப் பயகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள் ஆக்னஸ். "நேரா அங்கன போங்க, வேற எங்கயும் போவாண்டாம்."

பெண்சாதி சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் வெறுங்கையோடு போய் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. 'இந்தா உன் இடம்' என்று சொல்லிக் கொடுக்கிற மாதிரி போக வேண்டும் என்று நினைத்தார். அதனால் முதலில் மாஸ்டர் வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் இனி நிற்கவில்லை, ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்றார்.

பாண்டியராஜனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கிறிஸ்மஸ் கண்ணு முன்னால நிக்கி, இப்ப வந்து சொல்லுதீரே! உங்க ரெண்டு பேருக்கும் என் பேண்டு என்ன பஸ் ஸ்டாண்டா? ஒருத்தன் ஏற ஒருத்தன் எறங்க?" என்று கத்தினார். ரோச் தலைகுனிந்து நின்றார். மாஸ்டர் அவர் முன்னாலேயே போனை எடுத்தார். அவர் கூப்பிட்டது ஃபிராங்க்ளினை அல்ல. நாசரேத்தில் ஒரு டிரம்பெட்காரனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வா, இடம் உனக்கு நிரந்தரம் என்று பேசி முடித்துவிட்டார். ரோச் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றார் மாஸ்டர்.

அங்கிருந்து நேரே ஃபிராங்க்ளின் வீட்டுக்கு வந்தார். ஃபிராங்க்ளின் யார்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஜெஸ்லின் டீ போட்டுக் கொடுத்தாள். ரோச் டீயைத் தொடவில்லை. திருவிழா வரைக்கும் பொறு என்று சொன்னது உன் நல்லதுக்கில்லை மக்கா, என் ஆசைக்கு என்று ஆரம்பித்து, டெய்லரிடம் போனதிலிருந்து கோட்டைக் கழற்றி வைத்தது வரை சொல்லி முடித்தார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஃபிராங்க்ளின் எழுந்தே விட்டான்.

"இடத்த விட்டுட்டீங்களா? ஏன் அண்ணாச்சி விட்டீங்க?"

"உன் இடம்லா அது."

"நான் திருவிழாக்கு வந்திருந்தேன். சப்பரத்துக்கு எதுத்தாப்புல கூட்டத்துல நின்னு பாத்தேன். உங்க மூஞ்சிய அந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. இத இவர்கிட்டயிருந்து புடுங்குனா இவரு என்ன ஆவாருன்னு நெனச்சேன். ஒம்பது வருசம் குடிக்காம இருந்த மனுசன். நான் கோட்ட வாங்குன அன்னைக்கு நீங்க நேரா கடைக்குத்தான் போவீங்கன்னு பயந்துட்டேன். அதான் யார்டுல சேந்தேன். நான் சும்மா விடல, உங்களுக்காக விட்டேன்."

ரோச் அவனைப் பார்த்தபடி இருந்தார். அவன் மறுபடி உட்கார்ந்து, தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

"ஏழெட்டு மாசமா நான் ஊதல. இப்ப ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சு" என்றான்.

அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜெஸ்லினுக்குப் பொறுக்கவில்லை. மரியாதையெல்லாம் பார்க்காமல் அவள் வெடித்தாள்.

"குடிச்ச காலத்துல ரோட்டுல போற வாறவன் கழுத்தக் கட்டிக்கிட்டு மனசுல கெடந்ததெல்லாம் கொட்டுனீங்க ரெண்டு பேரும். இப்ப வாராவாரம் மாடியில ஏறி உக்காந்து பேசுதீங்க, பேசுதீங்க. 'எனக்கு ஊதணும்னு இருக்கு, நீ என்ன சொல்லுத?' இந்த ஒரு வார்த்த உங்க வாயில வரல. 'அண்ணாச்சி, உங்களுக்கு வேணுமா?'ன்னு இவுக வாயிலயும் வரல. நீங்க ரெண்டு பேரும் என்ன துணையோ, எனக்கு வெளங்கல."

டீயில் ஆடை படிந்துவிட்டது. ரோச் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னார்.

"எனக்கு ஊதணும்னு இருந்துச்சு மக்கா. ரொம்ப இருந்துச்சு."

"தெரியும் அண்ணாச்சி" என்றான் ஃபிராங்க்ளின். "எனக்கும்தான்."

ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அந்தப் படிக்கட்டில் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது. அப்போது இடமும் இருந்தது.